ஆய்வுக்கு ஏஐ ஏஜென்ட்கள்: பணிமேசை கட்ட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் நான்கு பேர். மூவர் வரலாறு படித்தவர்கள், நான் நிரல் எழுதுபவன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய ஆவணங்களைப் படிக்கவும் ஒப்பிடவும் எங்களுக்கென்று ஒரு மென்பொருள் பணிமேசை கட்டினோம். அதில் ஏஐ ஏஜென்ட்களும் வேலை செய்கின்றன. அதைக் கேள்விப்பட்டுப் பிற துறை ஆய்வாளர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரே பதிலைப் பத்து முறை எழுதிச் சலித்துப்போனதும் ஒரு காரணம்.

சாட் பெட்டியில் கேட்டாலே பதில் வருகிறதே, தனியாக ஒரு பணிமேசை எதற்கு?

பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தானியம் கொடுத்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஒரு பவுண்டு என்று வரும். சரிதான், 1877 தொடக்கத்தில், இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் விதித்த அளவு அது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அது உயிர்வாழப் போதாது என்று எழுதி எதிர்த்ததும், அதே ஆண்டில் அந்த அளவு மாற்றப்பட்டதும் பதிலில் வரலாம், வராமலும் போகலாம். அடுத்த வாரம் அதே கேள்விக்குச் சற்றே வேறு பதில் கிடைக்கும். எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் என்று கேட்டால் பேச்சு மழுப்பலாகும்.

நேற்று படித்ததன்மேல் இன்று படித்ததை அடுக்கிக்கொண்டே போகும் வேலை ஆய்வு. சாட் பெட்டியில் அடுக்குவதற்கு இடமில்லை. பணிமேசை என்று நான் சொல்வது மூன்று பொருள்கள் ஓரிடத்தில் இருப்பதை: மூல ஆவணங்கள், அவற்றிலிருந்து எடுத்த சீட்டுகள், எந்தச் சீட்டை யார் எப்போது எடுத்தார் என்ற பதிவேடு. ஏஜென்ட் அந்த மேசையில் வந்து உட்காரும் உதவியாள். மேசை இல்லாமல் உதவியாளை மட்டும் வேலைக்கு வைத்தால் அவர் சொல்வதை எல்லாம் காற்றில்தான் எழுதிவைக்க வேண்டும்.

ஏஜென்ட் என்றால் சரியாக என்ன?

தமிழில் முகவர் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே காப்பீட்டுப் படிவத்தோடு வீட்டுக்கு வருபவர்தான் நினைவுக்கு வருகிறார், அதனால் ஏஜென்ட் என்றே எழுதுகிறேன்.

ஒரு மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருந்து உரை எழுதும் ஏஐ), அது கூப்பிடக்கூடிய சில கருவிகள், வேலை முடியும்வரை சுற்றும் ஒரு சுழற்சி. அவ்வளவுதான். "செங்கல்பட்டில் நிவாரண முகாம்கள் எப்போது தொடங்கின?" என்று கேட்டால், மாதிரி முதலில் தேடல் கருவியை அழைக்கும், வந்த பக்கங்களைப் படிக்கும், போதவில்லை என்றால் வேறு சொல்லால் மறுபடி தேடும். யோசி, செய், விளைவைப் பார், மறுபடி யோசி என்ற இந்த முறைக்கு 2022இல் வெளியான ரியாக்ட் என்னும் ஆய்வுக்கட்டுரை பெயரும் வடிவமும் கொடுத்தது. கருவிகளை மாதிரியோடு இணைக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு, ஒருமுறை எழுதிய தேடல் கருவியை வெவ்வேறு செயலிகளில் பயன்படுத்துவது எளிதாயிற்று.

எங்கிருந்து தொடங்குவது?

ஏஜென்டிலிருந்து தொடங்காதீர்கள். அலமாரியிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் அலமாரி வெறும் கோப்புறைகள்தான். "மூலம்" என்ற கோப்புறையில் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். அதில் எழுத யாருக்கும் அனுமதி இல்லை, ஏஜென்டுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 முறையில் ஒரு கைரேகை எண் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். "உரை" என்ற கோப்புறையில் பக்கத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்தெடுத்த எழுத்து. பக்கத்துக்கு ஒன்று என்பது முக்கியம். முதலில் நூல் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்தோம், பிறகு பக்க எண் தேடியே பாதி நாள் போயிற்று.

சீட்டுகளுக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளம். 2000ஆம் ஆண்டில் வந்த எளிய மென்பொருள், முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கும், நகலெடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். நிரலுக்கும் உரைக் கோப்புகளுக்கும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட். நூல் விவரங்களை ஜொட்டேரோவில் வைத்திருக்கிறோம். இவை எதற்கும் பணம் கட்டவில்லை.

எங்கள் ஆவணங்கள் தமிழில் இருக்கின்றன. வேறென்ன கவனிக்க வேண்டும்?

நிறைய. எங்கள் உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் கரைந்தது.

முதலில் பழைய எழுத்துருக்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முன் தட்டச்சு செய்த பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தமிழ் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். பாமினி எழுத்துருவில் அடித்த இலங்கை வெளியீடுகள் பலவும் இப்படித்தான். இவற்றுக்கு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் பத்துப் பக்கமாவது கண்ணால் சரிபாருங்கள்.

யூனிகோடிலேயே எழுதியிருந்தாலும் தொல்லை தீராது. "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடுகளாக, அல்லது ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இதற்கு யூனிகோடிலேயே சீராக்கும் முறை உண்டு, பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி. "கௌரவம்" என்பதை ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரம் போட்டு "கெளரவம்" என்று அடித்திருப்பது அந்த முறைக்குப் பிடிபடாது. அது எழுத்துப்பிழை, நாமே பட்டியல் வைத்துத் திருத்த வேண்டும். "ஸ்ரீ"யும் அப்படியே. 2005இல் ஶகரம் யூனிகோடில் சேர்ந்தபின் ஒரே தோற்றத்துக்கு இரண்டு குறியீட்டு வரிசைகள் புழங்குகின்றன.

அச்சிட்ட பழைய நூல்கள் என்றால், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் வேண்டும். டெஸராக்ட் தமிழ் படிக்கும். ஆனால் 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு அச்சான நூல்களில் லை, னை, ணை ஆகியவை தும்பிக்கை போட்ட வடிவத்தில் இருக்கும். எங்கள் கோப்புகளில் அந்த எழுத்துகளில்தான் பிழைகள் குவிந்தன. "மழையில்லை" என்பது என்னென்னவாகவோ மாறியிருந்தது. பஞ்சத்தைப் பற்றிய ஆய்வில் அந்தச் சொல்லே தொலைந்தால் என்ன செய்வது?

படத்தைப் பார்த்துப் படிக்கும் புதிய ஏஐ மாதிரிகள் இதைவிட நன்றாகப் படிக்கின்றன. அவற்றின் தவறு வேறு வகை, அதை ஒருமுறை கண்ட பிறகு நான் அவற்றை முழுதாக நம்புவதில்லை. எழுத்துணரி தெரியாத இடத்தில் குப்பை எழுதும், குப்பை என்று பார்த்தவுடன் தெரியும். ஏஐ மாதிரி தெரியாத இடத்தில் பொருத்தமான ஒரு சொல்லைத் தானே எழுதிவிடும். படிக்க அழகாக இருக்கும். மூலத்தில் அந்தச் சொல் இருக்காது.

தேடலுக்கு எது சிறந்தது? பொருள் தேடலா, சொல் தேடலா?

இரண்டும் வேண்டும்.

ஆவணத்திலிருந்து பொருத்தமான பகுதிகளைத் தேடியெடுத்து மாதிரியின் முன் வைத்துப் பதில் எழுதச் சொல்லும் முறை 2020இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்களும் பிறரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அதிலிருந்து பலருக்கும் பொருள் தேடல்மேல் மோகம். பத்திகளை எண் வரிசைகளாக மாற்றி அருகருகே உள்ளவற்றைத் தேடுவது அது. "பட்டினி" என்று தேடினால் "அன்னமின்றி" என்ற வரியும் கிடைக்கும், அருமை. ஆனால் ஒரு கிராமத்தின் பெயரையோ அரசாணை எண்ணையோ தேடினால் சொதப்பும். அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருத்தும் பழைய தேடலே கை கொடுக்கும். 1990களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஒகாபி அமைப்பில் உருவான பிஎம்25 என்ற வாய்பாடு இன்றும் அந்த வேலையைச் செய்கிறது, எஸ்க்யூலைட்டிலேயே இருக்கிறது.

தமிழில் சொல் தேடலுக்கு ஒரு சிக்கல். கோயிலில், கோயிலுக்கு, கோயில்களின், கோவிலிலிருந்து என ஒரே சொல் நூறு உருவெடுக்கும். முழுச் சொல்லாகத் தேடினால் அகப்படாது. நாங்கள் சொல்லை மூன்று மூன்று குறியீடுகளாக நறுக்கி அட்டவணையிட்டோம். இலக்கணப்படி வேர்ச்சொல் பிரிக்கும் நிரலையும் முயன்று பார்த்தேன், பழைய நடையில் அது தடுமாறியது. முரட்டு வழிதான், ஆனாலும் வேலை செய்கிறது.

எல்லா ஆவணத்தையும் ஒரேயடியாக மாதிரிக்குக் கொடுத்துவிட்டால் என்ன? இப்போது பெரிய நூல்களே அடங்குமாமே?

அடங்கும். அடங்குவதும் கவனிப்பதும் ஒன்றல்லவே. நீண்ட உரையின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ளவற்றை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் உள்ளதைத் தவறவிடுகின்றன என்று 2023இல் ஒரு கட்டுரை காட்டியது. பிறகு வந்த மாதிரிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் பத்துப் பக்கம் கொடுத்துக் கேட்பதும் ஆயிரம் பக்கம் கொடுத்துக் கேட்பதும் எங்கள் மேசையில் ஒரே தரத்தில் வந்ததில்லை.

செலவும் இருக்கிறது. மாதிரிகள் உரையை டோக்கன்களாக நறுக்கிப் படிக்கும், கட்டணம் டோக்கனுக்குத்தான். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, சேமிக்கும்போது 15 பைட். அதே செய்தியை ஆங்கிலத்தில் கொடுப்பதைவிடத் தமிழில் கொடுத்தால் டோக்கன்கள் கூடுதலாகும். எவ்வளவு கூடுதல் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும், உங்கள் ஆவணத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்து நீங்களே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

சீட்டு, சீட்டு என்கிறீர்களே, அது என்ன?

பணிமேசையில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

2023இல் நியூயார்க்கில் ஏவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. சாட்ஜிபிடி கற்பனை செய்தவை. இவை உண்மையான வழக்குகள்தானா என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள், ஆம் என்று அது சொல்லியிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். பொய்யைச் சொன்னவரிடமே போய் "இது மெய்யா?" என்று கேட்கும் அந்த வழி எங்கள் மேசையில் அடைபட்டிருக்க வேண்டும் என்று நினைத்தோம்.

ஆகவே ஏஜென்ட் எந்தச் செய்தியையும் நேரடியாக அறிக்கையில் எழுத முடியாது. முதலில் சான்றுச் சீட்டு எழுத வேண்டும். சீட்டில் கூற்று ஒன்று, அதற்கு ஆதாரமான மூல வாசகம் எழுத்து மாறாமல், ஆவணத்தின் எண், பக்கம், அந்த வாசகத்தைப் பேசுபவர் யார், சீட்டை எழுதியது ஆளா ஏஜென்டா. சீட்டைச் சேமிக்கும் முன் ஒரு சிறு நிரல் அந்தப் பக்கத்தின் உரைக் கோப்பைத் திறந்து, மூல வாசகம் அங்கே அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சீட்டு திரும்பிவிடும். இருபது வரிக்கு மேல் போகாத சாதாரண நிரல், அதில் ஏஐ எதுவும் கிடையாது. இடைவெளியும் வரி முறிவும் மாறினால் மன்னிக்கும், வேறு எதையும் மன்னிக்காது.

முதல் வாரம் ஏராளமான சீட்டுகள் திரும்பின. திரும்பியவற்றைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. பெரும்பாலானவை கற்பனை அல்ல, "திருத்தம்". மூலத்தில் "வருஷம்" என்றிருந்தால் ஏஜென்ட் சத்தமில்லாமல் "வருடம்" ஆக்கியிருந்தது. பழைய ஆங்கில ஆவணத்தில் ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலை இன்றைய முறைக்கு மாற்றியிருந்தது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அதற்கு அந்த உரிமை கிடையாது.

பேசுபவர் யார் என்ற கட்டம் பிறகு சேர்ந்தது. வில்லியம் டிக்பி என்ற பத்திரிகையாளர் 1878இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அரசின் குறிப்புகளையும் கடிதங்களையும் நீளமாக எடுத்தாளுகிறார், பல இடங்களில் மறுப்பதற்காகவே. டெம்பிள் எழுதியதை டிக்பியின் கருத்து என்று எங்கள் ஏஜென்ட் சீட்டு எழுதியது. வாசகம் சரி, பக்கம் சரி, நிரல் பச்சைக்கொடி காட்டிவிட்டது. ஆள் மட்டும் தலைகீழ். உடன் வேலை செய்யும் வரலாற்று மாணவி ஒருவர்தான் பிடித்தார்.

எனவே நிரல் தேர்ச்சி கொடுத்த சீட்டும் "வரைவு" நிலையிலேயே இருக்கும். ஒரு மனிதர் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்த்துத் தன் பெயரை இட்ட பிறகே "பார்த்தது" ஆகும். அறிக்கைக்குள் போக அது மட்டுமே அனுமதி.

அப்படியானால் மனிதர் எல்லாவற்றையும் படிக்கத்தானே வேண்டும்? மிச்சம் என்ன?

எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, சீட்டுக்கு உரிய பக்கத்தையும் அதன் முன்பின் பக்கங்களையும் படித்தால் போதும். ஆயிரம் பக்கத்தில் எந்த முப்பது என்று சொல்வதில் ஏஜென்ட் கெட்டிக்காரன். தேடாததைக் கண்ணில் காட்டுவதில்லை என்பது இழப்பு. அதை ஈடுகட்ட வாரம் ஒருநாள் எந்த உதவியுமில்லாமல் ஆளுக்கொரு தொகுதியைப் புரட்டுகிறோம்.

எத்தனை ஏஜென்ட்கள் வைக்கலாம்?

ஒன்றில் தொடங்குங்கள். தலைமை ஏஜென்ட், அதன்கீழ் ஐந்து, ஒவ்வொன்றின் கீழும் மூன்று என்று படம் வரைவது சுகமான வேலை, நானும் வரைந்திருக்கிறேன். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025இல் தன் அனுபவத்தை எழுதியபோது, சாதாரண உரையாடலைவிட ஏஜென்ட் சுமார் 4 மடங்கும் பல ஏஜென்ட் அமைப்பு சுமார் 15 மடங்கும் டோக்கன் செலவழிப்பதாகச் சொன்னது. ஒன்றையொன்று சாராத பல தேடல்களை ஒரே சமயத்தில் நடத்த வேண்டுமானால் அந்தச் செலவுக்குப் பயன் உண்டு.

எங்களிடம் இப்போது மூன்று. ஒன்று தேடும், ஒன்று சீட்டு எழுதும், மூன்றாவது குறை காணும். மூன்றாவதற்கு நாங்கள் கொடுத்த கட்டளை இதுதான்: இந்தச் சீட்டின் கூற்று தவறு என்று வைத்துக்கொள், அதே ஆவணங்களிலிருந்து எதிர்ச்சான்று கொண்டுவா. "சரியா பார்" என்று கேட்டபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கச் சொன்ன பிறகு உருப்படியான சீட்டுகளைக் கொண்டுவருகிறது.

எங்கள் துறைக்கென்று உள்ள மரபுகள் ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, நீங்கள்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். "மரபுகள்" என்று ஓர் உரைக் கோப்பு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் ஏஜென்ட் அதை முதலில் படிக்கும். ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு அசட்டுத் தவறுக்குப் பிறகு சேர்ந்தது.

முதல் வரி: "தாது என்பது இங்கே ஆண்டின் பெயர்." தாது வருஷப் பஞ்சத்தைக் கனிமப் பஞ்சம் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒரு சுருக்கம் வந்தது. நாள் முழுவதும் சிரித்தோம்.

ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது என்றால் 1816 ஆகலாம், 1876 ஆகலாம், 1936 ஆகலாம். ஒரு கும்மிப்பாட்டில் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் ஏஜென்ட் தானாக எண் போடக்கூடாது, சாத்தியமான எல்லா ஆண்டுகளையும் எழுத வேண்டும். வருவாய்த் துறை ஆவணங்களில் பசலி ஆண்டு வரும். அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், பசலி 1286 என்பது 1876 ஜூலையில் தொடங்குவது.

மிக மோசமான தவறு விலையில் நடந்தது. அக்கால அரசு அறிக்கைகளில் தானிய விலையை ரூபாய்க்கு இத்தனை சேர் என்று எழுதுவார்கள். பஞ்சம் முற்றி விலை ஏற ஏற அந்த எண் குறையும். ஏஜென்ட் அட்டவணையைப் படித்து, வரைபடம் போட்டு, "1877இல் விலைகள் வேகமாகச் சரிந்தன" என்று அறிக்கை எழுதியது. மக்கள் செத்துக்கொண்டிருந்த ஆண்டு அது. எண்கள் அனைத்தும் சரியாக எடுத்தாளப்பட்டிருந்தன, சீட்டு நிரலுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர் என்பதும் படி என்பதும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் அளவு என்பது அடுத்த தலைவலி. இப்போது எந்த அளவையும் மாற்றிக் கணக்கிட ஏஜென்டுக்கு அனுமதி இல்லை. மூலத்தில் உள்ளபடியே எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும், மாற்றுவது பைத்தான் நிரல், மாற்று அளவை எழுதுவது நாங்கள்.

ஏஜென்ட் புதிதாக எதையாவது கண்டுபிடிக்குமா?

இதற்கு ஏஐக்கு முந்திய ஒரு கதை இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தகவலியல் பேராசிரியராக இருந்த டான் ஸ்வான்சன் மருத்துவர் அல்லர். ரேனாட் நோயைப் பற்றிய கட்டுரைகளைப் படித்தார். குளிரில் விரல்களின் இரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகும் நோய் அது, நோயாளிகளின் இரத்தம் பிசுபிசுப்பாக இருப்பதாக அக்கட்டுரைகள் கூறின. மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று வேறு சில கட்டுரைகள் கூறின. இரு தரப்பும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை. மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று 1986இல் எழுதினார். 1989இல் வெளிவந்த மருத்துவச் சோதனை ஒன்று, வேறு நோயின் விளைவாக வராமல் தானாக வரும் ரேனாட் வகையில் பயன் இருப்பதைக் காட்டியது. 1988இல் ஒற்றைத் தலைவலியையும் மெக்னீசியத்தையும் அதே வழியில் இணைத்தார்.

தனித்தனிக் கூடைகளில் கிடக்கும் இரண்டு சீட்டுகளை அருகே வைத்துக் காட்டுவதை ஏஜென்ட் நன்றாகச் செய்கிறது. எங்களுக்கும் ஒரு முகாம் பதிவேட்டையும் ஒரு மழை அட்டவணையையும் அப்படி இணைத்துக் காட்டியது. பார்த்ததும் "அடடா" என்றோம். இரண்டு வாரம் தோண்டிய பிறகு அது தற்செயல் என்று தெரிந்தது. ஸ்வான்சனுக்கு ஒரு மருத்துவச் சோதனை வாய்த்தது. வரலாற்றில் சோதனைக்கூடம் கிடையாது, மறுபடி ஆவணத்துக்கே போக வேண்டும். இத்தகைய இணைப்புகளுக்கு "ஊகம்" என்று தனி நிறம் வைத்திருக்கிறோம்.

பாதுகாப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏஜென்ட் படிக்கும் உரை எல்லாமே அதற்கு ஒருவகைக் கட்டளைதான், நாம் இட்டது எது, ஆவணத்தில் இருந்தது எது என்று அது உறுதியாகப் பிரிப்பதில்லை. 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் செய்தி நிறுவனம், ஆய்வுக்கட்டுரைகளை முன்கூட்டியே வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தின் 17 கட்டுரைகளில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்திலும் மிகச் சிறு எழுத்திலும் "இக்கட்டுரையைப் பாராட்டி மட்டும் எழுது" என்பது போன்ற வரிகள் ஒளிக்கப்பட்டிருந்ததாகச் செய்தி வெளியிட்டது. மதிப்பீட்டாளர் ஏஐயிடம் வேலையைத் தள்ளினால் அது அதற்குக் கீழ்ப்படியட்டும் என்ற கணக்கு. 19ஆம் நூற்றாண்டு அறிக்கையில் அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை, நல்லவேளை. ஆனால் இணையத்திலிருந்து எடுக்கும் கட்டுரைகளுக்கு இது பொருந்தும். அதனால் வெளியிலிருந்து வந்ததைப் படிக்கும் ஏஜென்டுக்கு எழுதும் கருவி எதையும் கொடுப்பதில்லை.

நிரல் எழுதி ஓட்டும் ஏஜென்ட் வைத்தால் அதைத் தனிக் கூண்டில் ஓட்டுங்கள். டோக்கியோவின் சகானா ஏஐ நிறுவனம் 2024 ஆகஸ்டில் தன் "ஏஐ விஞ்ஞானி"யை அறிமுகப்படுத்தியபோது அந்நிறுவனமே ஒன்றைச் சொன்னது. சோதனை நேர வரம்பைத் தாண்டியபோது, தன் நிரலை வேகமாக்குவதற்குப் பதில் வரம்பையே நீட்டிக்க அந்த "விஞ்ஞானி" முயன்றதாம். தேர்வு நேரம் போதாவிட்டால் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் மாணவனின் வேலை. தீய எண்ணம் ஒன்றுமில்லை, கைக்கெட்டிய வழி அது.

உயிரோடிருப்பவர்களின் நேர்காணல் பதிவுகளை வெளி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பாதீர்கள். எங்களிடம் குடும்பங்கள் சொன்ன வாய்மொழிக் கதைகள் சில இருக்கின்றன. அவை எங்கள் கணினியிலேயே ஓடும் சிறிய மாதிரியிடம் மட்டும் போகும். அது கொஞ்சம் மந்தம், பரவாயில்லை.

அறிவியல் கட்டுரைகளை வைத்து வேலை செய்கிறோம். உங்கள் முறை எங்களுக்குப் பொருந்துமா?

சீட்டு அப்படியே பொருந்தும். கூடுதலாக ஒரு சோதனை வையுங்கள்: கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா? 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி வெளியான கட்டுரை இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் கோப்புறையில் உள்ள பிடிஎஃப்புக்கு அந்தச் செய்தி தெரியாது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தொகுத்த பட்டியலை 2023இல், கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற அடையாள எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. உங்கள் டிஓஐ எண்களை வாரம் ஒருமுறை அதோடு ஒப்பிட ஒரு சிறு நிரல் போதும்.

ஏஜென்டையே கட்டுரை எழுதச் சொல்லலாமா? ஆசிரியர் பெயரில் சேர்க்கலாமா?

சேர்க்க முடியாது. நேச்சர் இதழ் 2023 ஜனவரியிலேயே மறுத்துவிட்டது, மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் அதே ஆண்டு அப்படியே சொன்னது. எழுதச் சொல்வது உங்கள் விருப்பம், பயன்படுத்தியதை அறிவித்துவிடுங்கள். நாங்கள் எழுதச் சொல்வதில்லை. நெறி காரணமாக என்று சொல்ல ஆசைதான், உண்மைக் காரணம் அதன் தமிழ் நடை. எல்லாப் பத்தியும் ஒரே உயரத்தில் வெட்டிய வேலி போல் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அதே விடை வருமா?

வராது. நிறுவனம் மாதிரியைப் புதுப்பித்துவிடும், பழையதை நிறுத்தியும் விடும். எனவே எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, என்ன கேட்டோம், எந்தக் கருவி என்ன திருப்பியது என்பதை நாள், நேரத்தோடு பதிவேட்டில் எழுதிவைக்கிறோம். விடையை மறுபடி வரவழைக்க முடியாவிட்டாலும் சீட்டு இருக்கிறது, பக்கம் இருக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம்.

எனக்கு நிரல் தெரியாது. முடியுமா?

முடியும், மெதுவாக. சீட்டுகளை ஒரு சாதாரண விரிதாளில் தொடங்குங்கள். கூற்று, மூல வாசகம், ஆவணம், பக்கம், பேசுபவர், பார்த்தவர் என்று ஆறு நெடுவரிசைகள். ஐம்பது சீட்டுகளை நீங்களே கையால் எழுதுங்கள், ஏஜென்ட் வேண்டாம். எங்கள் பொருளாதார வரலாற்றாளர் அப்படித்தான் தொடங்கினார். அவருடைய நாற்பதாவது சீட்டில்தான் பேசுபவர் யார் என்ற கட்டம் முதன்முதலாக, ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பாக, வந்திருந்தது. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.